களைத்து வீடு திரும்புகிறவனின் வார இதழ்



வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கு ஷின்சானை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தொலைக்காட்சியில் தமிழ் பேசிக்கொண்டே அம்மாவைப் பாடாய்ப்படுத்துகிற அந்த ஐந்து வயதுப் பையனைப் பார்த்துச் சிரிக்காத பிள்ளை இல்லை, முகம் சுளிக்காத பெற்றோரும் அதிகம் இல்லை. அவன் எங்கே பிறந்தான் தெரியுமா? குழந்தைகள் பத்திரிகையில் அல்ல. டோக்கியோவில் ஃபுதாபாஷா என்றொரு பதிப்பகம் வளர்ந்த ஆண்களுக்காகவே நடத்திய ‘வீக்லி மங்கா ஆக்‌ஷன்’ என்ற மங்கா (ஜப்பானியப் படக்கதை) வார இதழில், 1990-ஆம் ஆண்டு பிறந்தான். வேலை முடிந்து ரயிலில் நின்றபடி வீடு திரும்புகிற ஊழியர்கள்தான் அவனுடைய முதல் வாசகர்கள்.

அந்த இதழைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். இது மிகப் பெரிய இதழும் அல்ல, மிக அதிகம் விற்ற இதழும் அல்ல. ஆனால் கூலிக்குக் கொலை செய்கிற ஒரு சாமுராய், குடல் சுட்டு விற்கிற ஒரு சிறுமி, அணுகுண்டு வெடித்துப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு செத்துப்போகிற ஓர் இளம்பெண் என்று இத்தனை பேரும் இந்த ஷின்சானோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்திருக்கிறார்கள். அது எப்படி முடிந்தது என்பதுதான் என் கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல தொடர்களை ஒன்றாகக் கட்டி, மலிவு விலையில், வாரம் தவறாமல் ஒருவன் கையில் கொடுத்த அந்தக் கட்டுதான் அதைச் சாத்தியமாக்கியது. தனித்தனியே கடை போட்டிருந்தால் இவற்றில் பாதி பிறந்தே இருக்காது.

முதலில் அந்தப் பொருள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நம் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தைவிடக் கொஞ்சம் பெரிய அளவு. நடுவில் கம்பி பின் அடித்த கட்டு. சொரசொரப்பான மலிவுத் தாள். வண்ணத்தில் சில பக்கங்கள், மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளை. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு இதழிலும் பத்துக்கும் மேற்பட்ட தொடர்கள் இருக்கும், ஒவ்வொன்றும் சுமார் இருபது பக்கம். அதற்கிடையே நான்கே கட்டங்களில் முடிந்துவிடுகிற நகைச்சுவைத் துணுக்குகளும் வரும். ரயில் நிலையக் கடையில் சில்லறை கொடுத்து வாங்கி, இறங்குவதற்குள் படித்துவிட்டு, குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். சேர்த்து வைப்பதற்காக அச்சிடப்பட்டது அல்ல அது. நன்றாக ஓடுகிற தொடரைப் பிறகு தனிப் புத்தகங்களாகத் தொகுப்பார்கள். சேர்த்து வைக்கிறவர்கள் அதைத்தான் வாங்குவார்கள், பதிப்பகத்துக்கு லாபமும் பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும். வார இதழ் என்பது புதிய கதைகளை வாசகர் முன்னால் வைத்துப் பார்க்கிற களம்.

ஜப்பானில் சிறுவர்களுக்கான மங்கா வார இதழ்கள் 1959-இல் தொடங்கின. ‘ஷோனென் மேகசின்’, ‘ஷோனென் சண்டே’ இரண்டும் அந்த ஆண்டு வந்தவை. போர் முடிந்தவுடன் பிறந்த பெருங்கூட்டமான தலைமுறை அப்போது பத்துப் பன்னிரண்டு வயதில் இருந்தது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்தார்கள், ஆனால் மங்கா படிப்பதை விடவில்லை. இதோடு இன்னொரு வாய்க்காலும் ஓடிக்கொண்டிருந்தது. வாடகைப் புத்தகக் கடைகள். கிராமத்திலிருந்து நகரத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் சில்லறைக் காசுக்குப் புத்தகம் வாடகைக்கு எடுத்துப் படித்தார்கள். அவர்களுக்காக வரைந்தவர்கள் சிரிப்பைக் குறைத்தார்கள். குற்றம், வறுமை, ஏமாற்றம் ஆகியவற்றை வரைந்தார்கள். தத்ஸுமி யோஷிஹிரோ 1957-இல் அந்த வகைக்கு ‘கெகிகா’ என்று பெயர் சூட்டினார்.

தொலைக்காட்சி வந்தது, வாடகைக் கடைகள் மெல்ல மூடப்பட்டன. அங்கே வரைந்தவர்களுக்குப் பிழைக்க வேறு இடம் வேண்டியிருந்தது. இருபது வயதைத் தொட்ட வாசகனுக்கோ படிக்க ஓர் இதழ் வேண்டியிருந்தது. இந்த இரண்டு தேவையும் சந்தித்த ஆண்டு 1967. அந்தக் கோடையில் ‘மங்கா ஆக்‌ஷன்’ வெளிவந்தது. அதே ஆண்டு ‘யங் காமிக்’, அடுத்த ஆண்டு ஷோகாகுகான் பதிப்பகத்தின் ‘பிக் காமிக்’ என்று வரிசையாக வந்தன. பெரியவர்களுக்கான கேலிச்சித்திர இதழ்கள் அதற்கு முன்பும் இருந்தன. ஆனால் கதைக்காகவே பெரியவன் வாரந்தோறும் காத்திருக்கிற இதழ் என்ற வழக்கம் வேரூன்றியது இந்த ஓரிரு ஆண்டுகளில்தான்.

முதல் இதழிலேயே ஒரு திருடன் வந்து சேர்ந்தான். பிரெஞ்சு எழுத்தாளர் மொரீஸ் லெப்லான் படைத்த கனவான் திருடன் ஆர்சேன் லூப்பினுடைய பேரன் என்று சொல்லிக்கொண்டு வந்த மூன்றாம் லூப்பின். வரைந்தவர் ஹொக்கைதோ தீவின் ஹமனகா என்ற கடலோர ஊரில் பிறந்த கதோ கஸுஹிகோ. அமெரிக்காவின் ‘மேட்’ இதழைப் பார்த்துப் பார்த்துக் கைபழகியவர். அதனால் அவருடைய கோடு ஜப்பானியக் கோடு போலவே இருக்காது. கைகால்கள் நீண்டு துவளும், முகம் ஒரு பக்கம் கோணும். சொந்தச் செலவில் போட்ட சிற்றிதழில் அவர் வரைந்ததைப் பார்த்து இந்த வார இதழின் ஆசிரியர் ஷிமிசு அவரை அழைத்துக்கொண்டார். எந்த நாட்டுக்காரர் வரைந்தது என்றே சொல்ல முடியாத அந்தக் கோட்டுக்கு ஏற்ப ‘மங்கி பஞ்ச்’ என்று ஒரு பெயரையும் வைத்தார். வரைந்தவருக்குப் பெயர் பிடிக்கவில்லை. கொஞ்ச நாளைக்குத்தானே என்று ஒப்புக்கொண்டார். கடைசிவரை அந்தப் பெயரிலேயே வாழ்ந்தார்.

மியாசாகி ஹயாவோ 1979-இல் இயக்கிய ‘காலியோஸ்த்ரோவின் கோட்டை’ படத்தில் வருகிற நல்ல மனசுக்கார லூப்பினைத்தான் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இதழில் வந்த லூப்பின் அப்படிப்பட்டவன் அல்ல. இரக்கம் பார்க்காதவன், பெண்களிடம் மோசமாக நடந்துகொள்கிறவன். எனக்கு அவனைப் பிடிக்காது. ஆனால் 1967-இல் அந்தப் பக்கங்களைப் புரட்டிய இருபது வயது இளைஞனுக்கு, யாருக்கும் பாடம் சொல்லாத ஒரு படக்கதையைப் பார்ப்பதே முதல் அனுபவமாக இருந்திருக்கும். அந்த விடுதலையின் மதிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

1970-இல் வந்தது ‘ஓநாயும் குட்டியும்’. கதை கோயிகே கஸுவோ, சித்திரம் கோஜிமா கோசெகி. இந்த இதழ் வேறு எதையுமே செய்யாமல் இதை மட்டும் செய்திருந்தாலும் இன்று நான் இங்கே நின்று பேசியிருப்பேன்.

ஓகாமி இத்தோ என்பவன் நாட்டை ஆண்ட ஷோகுனின் தலைவெட்டி. அரசு ஆணைப்படி வயிற்றைக் கிழித்துக்கொள்கிற பிரபுக்களின் தலையை ஒரே வீச்சில் துண்டிப்பது அவன் பதவி. யாக்யூ குலத்தார் சூழ்ச்சி செய்து அவன் மனைவியைக் கொன்று, அவன்மேல் ராஜத்துரோகப் பழியும் போடுகிறார்கள். மிஞ்சியிருப்பது தாய்கோரோ என்ற கைக்குழந்தை ஒன்றுதான். அவன் அந்தக் குழந்தையின் முன்னால் இரண்டு பொருள்களை வைக்கிறான். ஒரு பக்கம் வண்ணப் பந்து, இன்னொரு பக்கம் உருவி நட்ட வாள். பந்தைத் தொட்டால் உன்னை உன் தாயிடம் அனுப்பிவிடுவேன், வாளைத் தொட்டால் என்னோடு இந்த நரகப் பாதையில் வருவாய் என்கிறான். பேச்சு வராத குழந்தை. அதற்கு என்ன புரியும்? தவழ்கிறது. பந்தைப் பார்க்கிறது. வாளைப் பார்க்கிறது. கோஜிமா இந்த இடத்தில் அவசரப்படவே மாட்டார். குழந்தையின் கை, கண், தரையில் நகர்கிற முழங்கால் என்று கட்டம் கட்டமாக நம்மை நிறுத்தி வைப்பார். கடைசியில் அந்தப் பிஞ்சு விரல்கள் வாளின் பளபளப்பைத் தொடுகின்றன. தகப்பன் குழந்தையை வாரி அணைத்துக்கொள்கிறான். நீ பந்தைத் தொட்டிருந்தால் உனக்கு நன்றாக இருந்திருக்கும் என்கிறான்.

அதன் பிறகு மரத்தால் செய்த ஒரு குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு, ஒரு கொலைக்கு ஐந்நூறு ரியோ என்று கூலி பேசி, நாடு முழுக்க நடக்கிறான். ஆறு ஆண்டுகள், 1976 வரை, வாரா வாரம் நடந்தான். தொகுத்தபோது 28 தொகுதிகள் ஆயின. கோஜிமா சினிமா விளம்பரத் தட்டிகளும், தெருவில் படம் காட்டிக் கதை சொல்கிறவர்களுக்கான அட்டைகளும் வரைந்து, வாடகைப் புத்தகங்கள் வழியாக வந்தவர். தூரிகையால் மழையை வரைந்தால் தாள் நனைந்தது போல் இருக்கும். இந்தக் கதையில் வாள் வீச்சைவிட அதிகமாக வருவது நடை. வயல், ஆறு, பனி, வண்டிச் சக்கரம். அடுத்த சண்டைக்காக அவசரப்படுகிற சிறுவனுக்கு இந்த நடை பிடிக்காது. தானும் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு, பிடிக்காத வேலைக்குத் தினமும் போய்வருகிற ஆணுக்கு அது புரியும். வளர்ந்த வாசகன் என்று இந்த இதழ் யாரை நினைத்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. உலகமும் இதைப் படித்தது. அமெரிக்காவில் ஃபிராங்க் மில்லர் அட்டை வரைய, 1987-இல் ஆங்கிலத்தில் வரத் தொடங்கியது. கூலிக் கொலைகாரத் தகப்பனும் மகனுமாகப் பயணம் போகிற ‘ரோட் டு பெர்டிஷன்’ கதையை எழுதிய மேக்ஸ் ஆலன் காலின்ஸ், இதற்குத் தான் பட்ட கடனை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

லூப்பினை வரைந்த மங்கி பஞ்ச் 2019 ஏப்ரல் 11-ஆம் தேதி மறைந்தார். கோயிகே கஸுவோ அதே மாதம் 17-ஆம் தேதி மறைந்தார். இந்த இதழின் முதல் பத்தாண்டைத் தோளில் சுமந்த இருவரும் ஒரே வாரத்துக்குள் போய்விட்டார்கள்.

ஓகாமி வாள் வீசிய அதே ஆண்டுகளில் அதே இதழில் இன்னொரு தொடரும் ஓடியது. கமிமுரா கஸுவோவின் ‘தோசெய் ஜிதாய்’, 1972-73. கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒரு சின்ன வாடகை அறையில் சேர்ந்து வாழ்கிற ஜிரோ, கியோகோ என்ற இருவரின் கதை. பெரிய சம்பவங்கள் எதுவும் இல்லை. பணத் தட்டுப்பாடு, சந்தேகம், கலைந்துபோகிற ஒரு கரு, மெதுவாகச் சிதைகிற ஒரு மனம். அது சினிமாவாகவும் ஆனது, அப்படி வாழ்ந்த இளைஞர்களின் அடையாளமாகவும் ஆனது. 1973-இல், பத்தொன்பது வயது ஓதோமோ கத்ஸுஹிரோவின் முதல் கதையும் இந்த இதழில்தான் வந்தது. பின்னாளில் ‘அகிரா’வை உருவாக்கிய அதே ஓதோமோதான். முதல் கதைக்கு அவர் எடுத்துக்கொண்டது பிரெஞ்சு எழுத்தாளர் மெரிமேயின் சிறுகதை. சாமுராய்க் கதைக்காகக் காசு கொடுத்த வாசகன் இவற்றையெல்லாம் கேட்டு வாங்கவில்லை. கையில் வந்து விழுந்தது, படித்தான்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சியே. பள்ளிக்கூடம் போகிற வயது. ஒசாகா நகரத்தின் உழைப்பாளிகள் குடியிருப்பில், மாட்டுக் குடலையும் பன்றிக் குடலையும் கம்பியில் குத்திச் சுட்டு விற்கிற கடையை அவள்தான் நடத்துகிறாள். அப்பா தெத்ஸு வேலைக்குப் போவதில்லை. சூதாட்டமும் அடிதடியும்தான் அவன் தொழில். அம்மா வீட்டைவிட்டுப் போய்விட்டாள். அம்மாவை அப்பனுக்குத் தெரியாமல் சந்திப்பதற்கு மகள் நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. ஹாருகி எத்ஸுமி 1978-இல் இதைத் தொடங்கி 1997 வரை வரைந்தார். 67 தொகுதிகள். தகாஹதா இஸாவோ 1981-இல் இதைத் திரைப்படமாக்கினார்.

அடுப்படியில் சியே நிற்கிற கட்டங்களைக் கவனித்துப் பார்க்க வேண்டும். காலில் மரச் செருப்பு. கை ஒரு பக்கம் கம்பியைத் திருப்பிக்கொண்டே இருக்கும். கண் வாசல் பக்கம் இருக்கும், அப்பன் கல்லாவில் கை வைக்க வருகிறானா என்று. வாய் குடிகாரர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் இதழில் இந்தக் கதை வந்திருந்தால் சியேவைப் பாவப்பட்ட குழந்தையாக்கி, கடைசியில் யாராவது காப்பாற்றியிருப்பார்கள். பெரியவர்கள் இதழில் அவள் ஒரு கடைக்காரி. கணக்குப் பார்க்கத் தெரிந்தவள். அவள் முன்னால் கூனிக் குறுகி நிற்பது தெத்ஸுதான். வேலையும் இல்லாமல், வீட்டுக்கும் உதவாமல் இருக்கிற ஓர் ஆண், தன் மகளின் கண்ணில் எப்படித் தெரிகிறான் என்பதை ஆண்களுக்கான ஒரு வார இதழ் பத்தொன்பது ஆண்டுகள் காட்டியது. சிரிக்க வைத்துத்தான் காட்டியது. ஆனாலும் காட்டியது.

ஷின்சானும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவன்தான். உசுயி யோஷிதோ 1987-இல் ஒரு கடையில் வேலை பார்க்கிறவர்களைப் பற்றிய நகைச்சுவைத் தொடரோடு இந்த இதழில் நுழைந்தவர். மூன்று ஆண்டு கழித்து ஷின்சானைத் தொடங்கினார். தான் வளர்ந்த கசுகபே என்ற புறநகரையே அவனுக்கும் ஊராகக் கொடுத்தார். அப்பா ஹிரோஷி வேலை செய்கிற நிறுவனத்தின் பெயர் ஃபுதாபா, தொலைக்காட்சியில் ஷின்சான் போகிற மழலையர் பள்ளியின் பெயரும் ஃபுதாபா. இரண்டும் பதிப்பகத்தின் பெயரிலிருந்து எடுத்தவை.

தொலைக்காட்சியில் பார்க்கிற பிள்ளை ஷின்சானோடு சேர்ந்து சிரிக்கிறது. இதழில் படித்தவன் ஹிரோஷியாக இருந்துகொண்டு சிரித்தான். ஹிரோஷிக்கு முப்பத்தைந்து வயது. அகிதா என்ற வடக்குப் பகுதியிலிருந்து பிழைக்க வந்தவன். வீட்டுக் கடன் இன்னும் முப்பத்திரண்டு ஆண்டுக்கு இருக்கிறது. சம்பளத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கைச்செலவுக்கு அவளிடமே கேட்க வேண்டும். கால் நாற்றம் ஊரறிந்தது. குழந்தை கேட்கக் கூடாத இடத்தில் கேட்கக் கூடாததைக் கேட்கும்போது தகப்பன் முகத்தில் வருகிற அந்தத் திகைப்புதான் உசுயியின் கலை. 1992-இல் தொலைக்காட்சிக்குப் போனதும் வேறு வாசகர்கள் வந்தார்கள், வேறு சண்டைகளும் வந்தன. பிள்ளைகள் பார்க்கக் கூடாத நிகழ்ச்சி எது என்று ஜப்பானியப் பெற்றோரிடம் கேட்டபோதெல்லாம் அதன் பெயர் அடிபட்டது. பெற்றோரின் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் அது பெற்றோருக்காக எழுதப்பட்ட கதை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஹாரா கெயிச்சி 2001-இல் எடுத்த ஷின்சான் திரைப்படம் ஒன்று உண்டு. 1970-இல் ஒசாகாவில் நடந்த உலகப் பொருட்காட்சிக் காலத்தின் வாசனையைக் காட்டி, ஊரிலுள்ள பெரியவர்களையெல்லாம் ஒரு கூட்டம் குழந்தைகளாக்கிவிடுகிறது. ஹிரோஷியும் சிறுவனாகிவிடுகிறான், திரும்பி வர மனமில்லை. ஷின்சான் அப்பாவின் செருப்பை எடுத்து அவர் மூக்கில் வைக்கிறான். அந்த நாற்றத்தில் ஹிரோஷிக்கு எல்லாம் நினைவு திரும்புகிறது. தன் அப்பாவின் சைக்கிளுக்குப் பின்னால் உட்கார்ந்து போனது, முதல் காதல் உடைந்தது, நகரத்துக்கு வந்தது, அலுவலகத்தில் திட்டு வாங்கியது, கல்யாணம், குழந்தை, வீடு. வசனமே இல்லை. மகனைக் கட்டிக்கொண்டு அழுகிறான். நாள் முழுக்க உழைத்த காலின் நாற்றத்தை ஒரு மனிதனின் வாழ்க்கை வரலாறாக ஆக்கலாம் என்ற துணிச்சல் இந்த வார இதழின் மண்ணிலிருந்து முளைத்தது என்றே நான் நம்புகிறேன்.

உசுயி 2009 செப்டம்பரில் அராஃபுனே மலையில் விழுந்து இறந்துபோனார். அவருடைய உதவியாளர்கள் தொடரை இன்றுவரை வரைந்து வருகிறார்கள்.

தொண்ணூறுகளில் இந்த இதழில் ஓடிய இன்னும் இரண்டை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். செகிகாவா நத்ஸுவோ எழுத, தனிகுச்சி ஜிரோ வரைந்த ‘பொச்சானின் காலம்’ நாவலாசிரியர் நத்ஸுமே சொசெகியையும் அவர் காலத்து எழுத்தாளர்களையும் பற்றியது. 1996 வரை வந்து, 1998-இல் தெஸுகா ஒசாமு பண்பாட்டுப் பரிசின் முதன்மை விருதைப் பெற்றது. இலக்கிய வரலாறு என்று தனியே அச்சிட்டிருந்தால் எத்தனை ரயில் பயணிகள் வாங்கியிருப்பார்கள்? அடுத்தது ‘ஓல்ட்பாய்’, 1996 முதல் 1998 வரை. காரணம் தெரியாமல் தனியார் சிறையில் பத்து ஆண்டு அடைக்கப்பட்டு வெளியே வருகிறவன் கதை. கொரிய இயக்குநர் பார்க் சான்-வூக் 2003-இல் எடுத்த படத்தைப் பார்த்த பலர் இங்கே இருப்பீர்கள். அது 2004-இல் கான் விழாவில் கிராண்ட் பிரீ வாங்கியது. படத்தில் சிறை பதினைந்து ஆண்டு, பழிக்குக் காரணமும் வேறு. இதழில் வந்த கதையில் காரணம் சிறுவயதில் ஒரு வகுப்பறையில் நடந்த மிகச் சின்ன விஷயம். அந்தச் சின்னத்தனம்தான் எனக்கு அதிகப் பயத்தைத் தந்தது.

இவ்வளவு பாராட்டிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையாகப் பேசியவனாக மாட்டேன். ஆண்களுக்கான மங்கா இதழ்களில் பெண்களுக்கு நடந்தது பெரும்பாலும் நல்லதல்ல. ‘ஓநாயும் குட்டியும்’ கதையிலேயே பெண்கள்மேல் நடக்கிற வன்முறையைக் கதை தேவைக்கு மேல் நின்று பார்க்கிற இடங்கள் உண்டு. உடலைக் காட்டி விற்பது இந்த வகை இதழ்கள் எல்லாவற்றிலும் இருந்தது, இருக்கிறது. காலத்தைக் காரணம் காட்டி இதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. நல்ல தொடர்கள் இதோடு ஒட்டிக்கொண்டுதான் வெளிவந்தன, இந்த விற்பனையும் சேர்ந்துதான் அவற்றுக்குத் தாள் வாங்கிக் கொடுத்தது. அது சங்கடமான உண்மை. சங்கடத்தோடேயே அதை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2000-இல் ஷின்சான் அதே பதிப்பகத்தின் மாத இதழுக்கு மாறிப் போனான். ஜப்பானில் இதழ் விற்பனையே அப்போது இறங்குமுகத்தில் இருந்தது. 2003-இல் வார இதழாக இருந்த ‘மங்கா ஆக்‌ஷன்’ நிறுத்தப்பட்டது. முப்பத்தாறு ஆண்டு ஓட்டம். நிற்கப்போகிற அந்தக் கடைசிக் கட்டத்தில், செப்டம்பர் மாதத்து இதழ் ஒன்றில், சுமார் முப்பது பக்கத்தில் ஒரு சிறுகதை வந்தது. கோனோ ஃபுமியோ வரைந்த ‘யூனகி நோ மச்சி’, மாலையில் காற்று அடங்கிய ஊர்.

கோனோ 1968-இல் ஹிரோஷிமாவில் பிறந்தவர். ஹிரோஷிமாவைப் பற்றி ஒரு கதை வரைகிறீர்களா என்று ஆசிரியர் கேட்டபோது, சொந்த ஊர் வட்டார வழக்கில் எழுதலாம் என்று முதலில் சந்தோஷப்பட்டாராம். பிறகுதான் ஆசிரியர் எந்த ஹிரோஷிமாவைச் சொல்கிறார் என்று விளங்கியது. கோனோ அணுகுண்டு வீச்சில் தப்பியவரும் அல்ல, தப்பியவர்களின் பிள்ளையும் அல்ல. அந்தப் பேச்சையே தவிர்த்து வந்தவர். தவிர்த்ததுதான் தவறு என்று உணர்ந்து வரைந்ததாகப் பின்னுரையில் எழுதியிருக்கிறார்.

கதை 1955-இல் நடக்கிறது. மினாமி என்ற இளம்பெண் ஆற்றங்கரைக் குடிசைப் பகுதியில் தாயோடு இருக்கிறாள். அலுவலகத்துக்குப் போகிறாள். செருப்பு தேயக் கூடாது என்று வழியில் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடக்கிறாள். கூட வேலை செய்கிற ஒருவனுக்கு அவள்மேல் பிரியம். அவளுக்கும்தான். ஆனால் சந்தோஷம் பக்கத்தில் வரும்போதெல்லாம் பத்து ஆண்டுக்கு முன் தான் தாண்டி ஓடிய பிணங்கள் நினைவுக்கு வருகின்றன. நான் உயிரோடு இருக்கலாமா என்ற கேள்வி வருகிறது. ஒருவழியாக அவனிடம் மனம்விட்டுப் பேசுகிறாள். உடனே உடம்பு விழுகிறது. பத்து ஆண்டு காத்திருந்த கதிர்வீச்சு நோய். அவளுக்குக் கண் பார்வை போகும்போது கட்டங்களும் வெள்ளையாகிவிடுகின்றன. படம் இல்லை. அவள் மனசில் ஓடுகிற வார்த்தைகள் மட்டும் வெற்றுக் கட்டங்களில் மிதக்கின்றன. குண்டு போட்டவர்களை அவள் அந்த வெறுமையிலிருந்து கேட்கிற கேள்வியை நான் இங்கே சொல்லப்போவதில்லை. நீங்களே படிக்க வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். அணுகுண்டைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று கிளம்பி யாரும் அந்த வாரம் அந்த இதழை வாங்கியிருக்க மாட்டார்கள். வேறு எதற்கோ வாங்கியிருப்பார்கள். மறுநாளைய வேலை நினைப்போடு பக்கம் புரட்டிய ஒருவன் கண்ணில் மினாமி பட்டிருப்பாள். என் வாதம் முழுவதும் இந்த ஓர் இடத்தில் அடங்கியிருக்கிறது. கதை பேசப்பட்டது. 2004-இல் புத்தகமாக வந்து, ஜப்பான் ஊடகக் கலை விழாவில் மங்கா பிரிவின் முதன்மைப் பரிசு பெற்றது. அடுத்த ஆண்டு தெஸுகா ஒசாமு பரிசும் பெற்றது. அதே 2004-இல் இதழும் திரும்பி வந்தது, மாதம் இருமுறையாக.

திரும்பி வந்த இதழில் கோனோ 2007 முதல் 2009 வரை ‘உலகத்தின் இந்த மூலையில்’ தொடரை வரைந்தார். போர்க்காலத்தில் குரே என்ற கடற்படைத் துறைமுக நகருக்குக் கல்யாணமாகிப் போகிற சுஸு என்ற பெண்ணின் கதை. தொடராக வந்தபோது அதில் ஒரு நுட்பம் இருந்தது. ஜப்பானில் ஆண்டைப் பேரரசரின் ஆட்சிக் காலத்தை வைத்தும் எண்ணுவார்கள். கதை நடப்பது ஷோவா 18 முதல் 21 வரை. இதழ் வந்தது ஹெய்செய் 19 முதல் 21 வரை. அத்தியாயத் தலைப்பில் ஆட்சிப் பெயரை விட்டுவிட்டு ஆண்டையும் மாதத்தையும் மட்டும் கோனோ போட்டார். கதையின் மாதத்தையும் இதழின் மாதத்தையும் ஒட்டியே ஓடவிட்டார். 2008 கோடை வந்தபோது இருபதாம் ஆண்டின் கோடை கதைக்கும் வந்தது, வாசகனுக்கும் வந்தது. அவன் வீட்டு நாட்காட்டியும் சுஸுவின் நாட்காட்டியும் ஒரே எண்ணைக் காட்டின. ஆகஸ்டு என்ன கொண்டு வரும் என்று அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. புத்தகமாக ஒரே மூச்சில் படிக்கிற நமக்கு அந்தக் காத்திருப்பு கிடைக்காது. சுஸு ஓவியம் வரைகிறவள். குண்டுவெடிப்பில் அவள் வலது கை போய்விடுகிறது. அதற்குப் பிறகு வருகிற பக்கங்களில் பின்னணிக் காட்சிகளைக் கோனோ தன் இடது கையால் வரைந்தார். கோடு தடுமாறுகிறது, வீட்டுச் சுவர் கோணுகிறது. அவள் கண்ணுக்கு உலகம் அப்படித்தான் இருக்கும்.

கதபுச்சி ஸுனாவோ இதைப் படமாக்க முயன்றபோது பணம் திரளவில்லை. இணையத்தில் பொதுமக்களிடம் கேட்டார்கள். 3,374 பேர் சேர்ந்து ஏறக்குறைய 3 கோடியே 90 லட்சம் யென் கொடுத்தார்கள். 2016 நவம்பரில் வெளியான படம் ஆயிரம் நாளுக்கு மேல் எங்காவது ஓர் அரங்கில் ஓடிக்கொண்டே இருந்தது.

இன்று ஜப்பானில் மங்கா படிப்பது பெரும்பாலும் கைபேசியில். 2017-இல் மின்மங்கா விற்பனை அச்சுத் தொகுதிகளின் விற்பனையைத் தாண்டிவிட்டது. புதியவர்களுக்கு அதனால் வாசல் திறந்திருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கைபேசியில் வாசகன் தனக்குப் பிடித்த தொடரின் அத்தியாயத்தை மட்டும் தொட்டுப் படிக்கிறான். பக்கத்துத் தொடர் அவன் விரலில் படுவதில்லை. ஒரு லூப்பின் சம்பாதித்த காசில் ஒரு கமிமுரா வரைந்த ஏற்பாடு அங்கே இல்லை. ஒவ்வொரு கதையும் தன் பார்வையாளரைத் தானே திரட்டிக் காட்ட வேண்டும், முதல் நாளே காட்ட வேண்டும். பேர் தெரியாத ஒருவரை அழைத்து, ‘ஹிரோஷிமாவை வரைகிறீர்களா’ என்று கேட்கிற ஆசிரியருக்கு அங்கே என்ன இடம் இருக்கும் என்பதுதான் என் கவலை. மின்வடிவிலும் ஒரு கட்டைக் கட்டலாம், பதிப்பகங்கள் மனம் வைத்தால். சில முயல்கின்றன. ‘மங்கா ஆக்‌ஷன்’ இன்றும் மாதம் இருமுறை அச்சில் வருகிறது.

இங்கே சொன்னவற்றில் எதை முதலில் படிப்பது என்று கேட்பீர்கள். ‘ஓநாயும் குட்டியும்’ ஆங்கிலத்தில் முழுமையாகக் கிடைக்கிறது, ஆனால் 28 தொகுதி. அதை மெதுவாக வைத்துக்கொள்ளுங்கள். கோனோவின் இரண்டு நூல்களுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. மினாமியின் கதை முப்பது பக்கம்தான், அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். அதிலிருந்து தொடங்குங்கள். படித்துவிட்டு என்னோடு பேச வேண்டும் என்று தோன்றினால் அவசியம் பேசுங்கள், நான் காத்திருக்கிறேன்.